எக்ஸ்ரே அம்மா பதில்கள்: மிளகளவு வெள்ளைப் புள்ளி

போன இதழில் தூக்கத்தைப் பற்றி எழுதும்போது பீனியல் சுரப்பி என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பதினோரு கடிதங்கள் வந்திருக்கின்றன. முழங்கால் வலியைப் பற்றி எழுதினால்கூட இத்தனை வராது. ஒரே ஒருவரைத் தவிர யாரும் தூக்கத்தைக் கேட்கவில்லை. எல்லாம் மூன்றாம் கண்! சரி, இந்த மாதம் முழுக்க அந்தச் சுரப்பிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. திருப்பாப்புலியூரிலிருந்து தினம் பஸ் பிடித்துப் போய், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் எக்ஸ்ரே எடுத்தவள். இங்கே எழுதுவதை எங்கள் பழைய ரேடியாலஜி டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவர் அடித்த வரிகள் இதில் இல்லை.

என் மகன் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறான். மூன்று நாள் 'மூன்றாம் கண் திறப்பு' வகுப்புக்கு எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்கிறான். மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பிதான் மூன்றாம் கண் என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டதாம். கட்டலாமா?
— வாசகி, முத்தியால்பேட்டை

கட்ட வேண்டாம். ஆனால் வெறுமனே 'வேண்டாம்' என்றால் இந்த வயதுப் பிள்ளையிடம் எடுபடாது. அதனால் அவனும் படிக்கிற மாதிரி சொல்கிறேன்.

சுரப்பி இருப்பது உண்மை. ஊறவைத்த துவரம்பருப்பு அளவு இருக்கும், எடை கால் கிராம்கூடத் தேறாது. பைன் மரத்தின் கூம்புக் காய் போல இருப்பதால் அந்தப் பெயர். தமிழில் கூம்புச் சுரப்பி என்றும் எழுதுவார்கள். ஆனால் அது நெற்றியில் இல்லை. பொட்டு வைக்கும் இடத்திலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டருக்கும் உள்ளே, மூளையின் நடுமையத்தில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பொட்டுக்கு நேர் பின்னால் எலும்புக்குள் இருப்பது சைனஸ் என்கிற காற்றறை. ஜலதோஷம் பிடித்தால் கனக்குமே, அது.

வயதாக ஆக இந்தச் சுரப்பியில் சுண்ணாம்பு படியும். படிந்தால் எக்ஸ்ரேயில் மிளகளவு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்துவிடாது, நிறையப் பேருக்குத் தெரியும். எங்கள் மருத்துவமனைக்கு சி.டி. ஸ்கேன் வராத காலத்தில் அந்தப் புள்ளிக்கு இருந்த மரியாதையே வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டு வருவார்கள். தலையைப் படம் எடுத்து, டார்க் ரூமில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட லைட் பாக்ஸில் மாட்டுவேன். டாக்டர் ஸ்கேலை வைத்து மண்டை ஓட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் புள்ளிவரை அளப்பார். நடுவில் இருந்தால் நிம்மதி. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒதுங்கியிருந்தால், எதிர்ப்பக்கத்தில் ரத்தம் கட்டியோ கட்டி வளர்ந்தோ தள்ளுகிறது என்று சந்தேகம், உடனே வண்டி ஏற்பாடு. தேவனாம்பட்டினத்து மீனவர், கோயில் குருக்கள், குடித்துவிட்டு மொபெட்டோடு விழுந்தவர், பேத்தியோடு பைக்கில் போன ரிட்டயர்டு தாசில்தார் என்று எத்தனையோ தலைகள். புள்ளி தெரிந்தால் அதே இடத்தில்தான் தெரியும். எந்தத் தலைக்குள் ஞானம் அதிகம் என்று பிலிமைப் பார்த்து ஒருநாளும் என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அதன் வேலை, இருட்டியதும் மெலடோனின் என்ற பொருளை ரத்தத்தில் விடுவது. 'ராத்திரி ஆகிவிட்டது' என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுகிற வேலை. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர்தான் அதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது ஞானத்தை இல்லை, வெண்புள்ளி நோய்க்கு மருந்தை. மாட்டுச் சுரப்பியின் சாறு பட்டால் தவளைத் தோல் வெளுக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு போனார். ஏராளமான மாட்டுச் சுரப்பிகளை அரைத்து வடிகட்டியதில் துளியூண்டு கிடைத்தது. வெண்புள்ளிக்குப் பயன்படவில்லை, தூக்க ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது.

கண் என்றால் வெளிச்சம் தெரிய வேண்டும் அல்லவா? நம் பீனியலுக்கு வெளிச்சம் நேராகத் தெரியவே தெரியாது. முகத்தில் இருக்கிற இரண்டு கண்கள் சொன்னால்தான் உண்டு. அந்தச் செய்தி போகும் வழி இன்னும் வேடிக்கை. கண்ணின் விழித்திரையிலிருந்து மூளையின் அடியில் இருக்கும் உடல் கடிகாரத்துக்குப் போய், அங்கிருந்து கழுத்து வழியாகத் தண்டுவடத்தில் இறங்கி நெஞ்சுயரம் வரை போய், மறுபடி கழுத்து நரம்பில் ஏறி மூளைக்குள் வந்து சேர்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர் சிதம்பரம் போய்த் திரும்பி வருகிற கதை. இந்தச் சுரப்பியைக் கண் என்பது, தபால்காரரைக் கடிதம் எழுதியவர் என்று சொல்வது மாதிரி.

விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான் என்று மகனிடம் சொல்லுங்கள். தியானம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும், மனம் அமைதிப்படும். அதற்குச் சுரப்பியும் வேண்டாம், எட்டாயிரத்து ஐந்நூறும் வேண்டாம்.

வள்ளலார் 'புருவ மத்தி' என்றார். திருமூலரும் புருவ நடுவைச் சொன்னார். அவர்கள் குறித்தது பீனியலைத்தானே? நீங்கள் மறுத்தால் சித்தர்களையே மறுப்பதாகாதா?
— வாசகர், வடலூர்

ஐயா, என் அம்மா தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் வடலூர் வருவார். ஏழு திரை விலகி ஜோதி தெரியும்வரை என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தது நினைவிருக்கிறது. அதனால் நக்கலாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது.

திருமூலர் புருவத்திடைவெளியைச் சிற்றம்பலம் என்று பாடினார். வள்ளலாரும் புருவ மத்தியை ஆன்மாவின் இடமாகச் சொன்னார். இருவரும் எந்தச் சுரப்பியையும் சொல்லவில்லை. மண்டையைத் திறந்தால் எது எங்கே இருக்கும் என்பது அவர்களுடைய கேள்வியும் இல்லை. அப்படியிருக்க, சுரப்பியை இதற்குள் கொண்டுவந்தது யார்?

மேலைநாட்டில்தான் ஆரம்பம். இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற கிரேக்க மருத்துவர் இந்தச் சுரப்பியைப் பற்றி எழுதினார். உயிர்மூச்சின் ஓட்டத்தை இதுதான் திறந்து மூடுகிறது என்று அப்போதே சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலன் அதை ஏற்கவில்லை, சுற்றியிருக்கும் ரத்தக் குழாய்களைத் தாங்கும் சுரப்பி என்றார். அப்புறம் பிரெஞ்சுக்காரர் டெக்கார்ட் வந்தார். மூளையில் மற்றதெல்லாம் இடம் வலம் என்று இரண்டிரண்டாக இருக்கிறது, இது ஒன்றுதான் ஒற்றை, நமக்குத் தோன்றும் எண்ணமும் ஒன்றுதானே, ஆகவே ஆன்மா தன் வேலையை இங்கிருந்துதான் செய்கிறது என்று 1649இல் எழுதினார். கெட்டிக்காரர்தான், ஆனால் உள்ளே எது எங்கே ஒட்டியிருக்கிறது என்பதில் கோட்டைவிட்டார். அவர் சொன்னபடி அந்தச் சுரப்பி இப்படியும் அப்படியும் சாய முடியாது என்று ஸ்டெனோ என்ற டென்மார்க் உடற்கூறாளர் 1665இலேயே பாரிசில் எடுத்துச் சொன்னார்.

நம் பக்கத்துக்கு இது வந்த வழிதான் சுவாரசியம். 1886இல் பால்ட்வின் ஸ்பென்சர் என்ற விலங்கியலாளர், நியூசிலாந்தில் இருக்கும் டுவடாரா போன்ற ஊர்வனவற்றின் உச்சந்தலைக் கண்ணைப் பற்றி எழுதினார். அது பீனியலோடு கூடப்பிறந்த உறுப்பு. இரண்டே வருடத்தில், 1888இல், பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் தன் பெரிய நூலில், மனிதருக்கும் ஆதியில் மூன்றாம் கண் இருந்தது, அது மங்கிச் சுருங்கியதன் மிச்சம்தான் பீனியல் என்று எழுதினார். அந்தச் சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாறு. வள்ளலார் சத்திய ஞான சபையை நிறுவியது 1872இல், சித்தி அடைந்தது 1874இல். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் மறைந்து பதினான்கு வருடம் கழித்து வெளிவந்த ஒரு கருத்தை அவர் வாயில் போடுகிறோம்.

நான் மறுப்பது சித்தர்களை இல்லை, அவர்களுக்கு ஒரு சுரப்பியின் சான்றிதழ் தேவை என்கிற எண்ணத்தைத்தான். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அதற்கு யாரும் ஸ்கேன் ரிப்போர்ட் கேட்பதில்லை.

எகிப்தியரின் ஹோரஸ் கண் சித்திரம் பீனியலின் குறுக்குவெட்டுதான் என்று இதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எகிப்தியர்கள் மம்மி செய்யும்போது இதயத்தைப் பத்திரமாக உள்ளேயே வைத்தார்கள். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து வீசினார்கள். மூன்றாம் கண் அதற்குள் இருப்பதாக நினைத்தவர்கள் அப்படிச் செய்வார்களா?

ஓணானுக்கு மூன்று கண் என்று எங்கள் அறிவியல் சார் சொன்னார். கிண்டலுக்குச் சொன்னாரா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, பண்ருட்டி

நிஜமாகத்தான் சொன்னார் கண்ணு. இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி உன்னுடையதுதான். உங்கள் முந்திரித் தோப்பு வேலியில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்த ஓணானின் உச்சந்தலையில் ஒரு சின்னச் செதிலுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கண் உண்டு. லென்ஸ் உண்டு, விழித்திரை போன்ற அடுக்கும் உண்டு. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். எவ்வளவு நேரம் வெயிலில் காய்வது என்பது போன்ற கணக்குகளுக்கு உதவுகிறது. வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லிக்கு இது கிடையாது. ராத்திரியில் சுற்றுகிற ஜாதி, வெயில் கணக்கு அதற்கெதற்கு?

மீன், தவளை, ஊர்வன பலவற்றுக்குப் பீனியல் செல்களே வெளிச்சத்தை உணரும். பாலூட்டிகளான நமக்கு அந்தத் திறமை போய்விட்டது, சுரக்கிற வேலை மட்டும் மிச்சம். மூன்றாம் கண் திறப்பு வகுப்பு நடத்துகிறவர்கள் ஓணானிடம்தான் பாடம் கேட்க வேண்டும். அதற்காக ஓணானைப் பிடித்துப் பார்க்காதே, உருப்பெருக்கியோடு தள்ளி நின்று பார்.

டூத்பேஸ்ட்டில் உள்ள புளோரைடு பீனியலைக் கல்லாக்கிவிடுகிறது என்று அறிந்து, வீட்டில் பேஸ்ட்டை நிறுத்திவிட்டோம். பிள்ளைகளுக்குச் சாம்பல். சுண்ணாம்பைக் கரைக்கத் தினமும் ஆப்பிள் சிடர் வினிகர் குடிக்கிறோம். சரிதானே?
— வாசகர், அரியாங்குப்பம்

பிள்ளைகளுக்குப் பேஸ்ட்டைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள், இன்றைக்கே. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, துப்பப் பழக்குங்கள்.

நீங்கள் சொல்வதில் ஒரு துண்டு உண்மை உண்டு. 2001இல் இங்கிலாந்தில் ஜெனிபர் லூக் என்பவர், இறந்த முதியவர்கள் பதினொரு பேரின் பீனியலைச் சோதித்து, சுண்ணாம்பு அதிகம் உள்ள இடத்தில் புளோரைடும் அதிகம் என்று கண்டார். கால்சியம் எங்கே இருக்கிறதோ அங்கே புளோரைடு போய் ஒட்டும். எலும்பிலும் பல்லிலும் அப்படித்தான். புளோரைடு வந்ததால்தான் சுண்ணாம்பு படிந்தது என்று அதிலிருந்து வராது. குடிநீரில் புளோரைடு கலப்பது அமெரிக்காவில் 1945இல்தான் தொடங்கியது. பீனியலுக்குள் மணல் போன்ற துகள் இருப்பதை அதற்கு வெகு காலம் முன்பே பிணம் அறுத்துப் பார்த்தவர்கள் குறித்து வைத்துவிட்டார்கள்.

புளோரைடு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நிலத்தடி நீரிலேயே அதிகம். பல்லில் பழுப்புப் பட்டை விழும், மோசமானால் எலும்பும் மூட்டும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகத்தான் வந்தது. அது பேச வேண்டிய விஷயம். அதை விட்டுவிட்டு பேஸ்ட்டைத் திட்டுகிறோம்.

வினிகர் வயிற்றுக்குப் போகும். மூளை நடுவில் இருக்கும் சுண்ணாம்பை அது கரைக்கும் என்றால், போகிற வழியில் எலும்பையெல்லாம் விட்டுவைக்குமா? பல் எனாமலை மட்டும் அரிக்கும். பேஸ்ட்டும் இல்லாமல் வினிகரும் குடித்தால் பல் டாக்டருக்குத்தான் யோகம்.

பீனியல் டி.எம்.டி. என்ற பொருளைச் சுரக்கிறது, சாகும்போதும் தியானத்திலும் தெரியும் காட்சிகள் அதனால்தான் என்கிறார்களே?
— கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

1990 முதல் 1995 வரை நியூ மெக்சிகோவில் ரிக் ஸ்ட்ராஸ்மன் என்ற மனநல மருத்துவர், விருப்பப்பட்டு வந்தவர்களுக்கு டி.எம்.டி. ஊசி போட்டு ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி நிஜம். பீனியல்தான் அதைச் சுரக்கிறது என்பது அவருடைய ஊகம். ஊகத்தைத்தான் எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2013இல் எலியின் பீனியலில் அந்தப் பொருள் கிடைத்தது. 2019இல் பீனியலை வெட்டியெடுத்த எலிகளின் மூளையிலும் கிடைத்தது. அப்படியென்றால் பீனியலுக்கு அதில் என்ன தனிப்பெருமை?

கணக்கும் இடிக்கிறது. டேவிட் நிக்கோல்ஸ் என்ற மருந்தியலாளர் 2018இல் சுட்டிக்காட்டியது: ஒரு நாள் முழுக்க இந்தச் சுரப்பி உண்டாக்கும் மெலடோனின் சுமார் 30 மைக்ரோகிராம். காட்சிகள் தெரிய வேண்டுமானால் டி.எம்.டி. ஏறக்குறைய 25 மில்லிகிராம் வேண்டும், அதுவும் சட்டென்று. எண்ணூறு மடங்குக்கு மேல்! டீக்கடைக் கெட்டிலில் வீராணம் ஏரியை நிரப்பப் பார்க்கிற வேலை.

என் அக்காள் பேரன் கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்கிறான், எழுத்துப் படிக்கிறான். 'மிட்பிரைன்' பயிற்சியாம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— வாசகி, புதுப்பாளையம், கடலூர்

என் தங்கை வீட்டிலும் ஒருத்தன் இருந்தான். அவன் கட்டிக்கொண்டு வந்த பட்டையில் மூக்கோரம் சந்து. அதன் வழியே கீழே பார்க்கலாம், முகத்தை நிமிர்த்திப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டான். எக்ஸ்ரே பிலிம் பெட்டியில் வரும் கறுப்புக் காகிதம் கொஞ்சம் என்னிடம் இருந்தது. அதை ஒட்டி, மூக்கு இரண்டு பக்கமும் பேப்பர் பிளாஸ்டரால் அடைத்தேன். 'இன்னைக்கு எனர்ஜி வரலை பாட்டி' என்று சொல்லிவிட்டு முறுக்கு கேட்டான். திட்டவில்லை. பயிற்சி கொடுத்தவர்கள் பெரியவர்கள், அவன் குழந்தை.

ஆறு மாதமாகப் புருவ நடுவில் தியானம் செய்கிறேன். நீல ஒளி தெரிகிறது, நெற்றியில் அழுத்தம். இப்போது ஒரு மாதமாகக் காலையில் தலைவலி, சில நாள் வாந்தி, பார்த்தால் பொருள் இரண்டாகத் தெரிகிறது. கண் திறக்கும்போது அப்படித்தான் இருக்கும், விடாதீர்கள் என்கிறார் பயிற்சியாளர்.
— வாசகர், நெல்லிக்குப்பம்

இதழ் வெளிவரும்வரை காத்திருக்காமல் உங்களுக்கு அன்றைக்கே போன் செய்துவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நீல ஒளிக்கும் அழுத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். இருட்டில் கண் மூடினாலும் விழித்திரை சும்மா இருக்காது, தானாகவே பொறிகளும் திட்டுகளும் காட்டும். விளக்கை உற்றுப் பார்த்துவிட்டு மூடினால் அதன் நிழல் நிறம் மாறி மிதக்கும். கவனத்தை எங்கே வைத்தாலும் அங்கே குறுகுறுக்கும். இடது கால் சுண்டுவிரலை ஐந்து நிமிடம் நினைத்துப் பாருங்கள், அங்கேயும் ஏதோ 'திறக்கும்'.

ஆனால் காலைத் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை மூன்றும் சேர்ந்தால் அது வேறு. உடனே நரம்பியல் டாக்டர், உடனே ஸ்கேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். எட்டு வயது. எப்போதும் தலையை அண்ணாந்தே வைத்திருந்தான். ஊரில் அவனுக்கு ஏதோ அருள் வந்திருக்கிறது என்று இரண்டு மாதம் பூஜை. உண்மையில் அவனால் கண்ணை மேலே உயர்த்த முடியவில்லை, மேலே பார்க்கத் தலையையே தூக்க வேண்டியிருந்தது. பிலிமைக் கழுவி மாட்டினேன். எட்டு வயதில் அந்தப் புள்ளி கண்ணில் பட்டாலே யோசிப்பார்கள், இவனுக்கு அது சுண்டைக்காயை விடப் பெரிசு. மண்டை ஓட்டுத் தையல்களும் விலகியிருந்தன. டாக்டர் பேசாமல் இரண்டு நிமிடம் நின்றார். பீனியலில் கட்டி வந்தால் பக்கத்தில் இருக்கும் நடுமூளையையும் அதற்குள் ஓடும் மூளை நீர்ப் பாதையையும் அமுக்கும். அதனால்தான் பார்வை மேலே போகாது, மூளை நீர் வடிய வழியில்லாமல் தலை வலிக்கும். சென்னைக்கு அனுப்பினோம். நீர் வடியக் குழாய் வைத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், பிழைத்தான். அடுத்த வருடம் அவன் அப்பா வந்து சொன்னது: 'ராத்திரி தூக்கம் மட்டும் சரியா வர்லம்மா. மத்தபடி பழைய வாலுதான்.'

நெய்வேலியில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் பகலில் தூக்கம் வருவதில்லை. மெலடோனின் மாத்திரை போடலாமா?
— வாசகர், நெய்வேலி

தூக்கத்தைக் கேட்ட ஒரே புண்ணியவான் நீங்கள். காலையில் வீடு திரும்பும்போது வெயில் கண்ணில் பட்டால் சுரப்பி கடையை மூடிவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள், படுக்கும் அறைக்குக் கனமான திரை போடுங்கள், போனைத் தள்ளி வையுங்கள். மாத்திரையில் அளவைவிட எந்த நேரத்தில் போடுகிறோம் என்பது முக்கியம். நேரம் தப்பினால் இருப்பதும் கெடும். டாக்டரைக் கேட்டுப் போடுங்கள்.

எல்லோர் தலையையும் படம் எடுத்தீர்களே, உங்கள் தலையில் அந்தப் புள்ளி உண்டா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

உண்டு. போன வருடம் மொட்டைமாடியில் வடகம் காயப் போடப் போய் வழுக்கி விழுந்தேன். சி.டி. எடுத்தார்கள். படுக்கையில் படுத்தபடியே அந்தப் பெண்ணிடம் கெஞ்சி, திரையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். நட்ட நடுவில், வெள்ளையாக, சின்ன மிளகு. ஒரு மில்லிமீட்டர்கூட ஒதுங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கே தூங்கிவிட்டேன்.